அக்கரைப் பாட்டு

"மூணு நாளா அட்டைக்கு ரத்ததானம் பண்ணினதுதான் மிச்சம், அண்ணே! ஒரு பாட்டுகூடக் காதுல விழலையே!" என்று கால்சட்டையை உதறினாள் எல்ஃபிரா.

"அந்தக் குருவிக்குக் கூச்சம் ஜாஸ்தி மேடம். ஆள் வாடை பட்டாலே புதருக்குள்ள பூந்துக்கும்" என்றார் வழிகாட்ட வந்த ஜம்ஹூரி. அவர் கண்கள் ஓடைக்கு அக்கரையிலேயே இருந்தன.

ஜம்பி மாகாணத்தில் மிஞ்சியிருந்த மலையடிவாரக் காடு அது. சுற்றிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். இதையும் வெட்டத் தோட்டக்காரர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். சோலைபாடிக் குருவி இருந்தால் வெட்ட முடியாது, இல்லையென்றால் வெட்டலாம். இருக்கிறதா என்று பார்த்து எழுதத்தான் எல்ஃபிரா வந்திருந்தாள்.

"எந்தக் குருவி எந்தக் கிளையில உக்காரும்னு உங்களுக்கு அத்துப்படின்னு ஊரே சொல்லுது. இங்க என்னடான்னா வாயே திறக்க மாட்டேங்கிறீங்க."

"அதெல்லாம் அந்தக் காலம், மேடம்."

"காடு போச்சுன்னா இந்த ஓடையும் வத்திடும். உங்க ஊர் வயலுக்கெல்லாம் தண்ணி?"

அவர் குனிந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தார்.

"இன்னைக்கும் கேக்கலைன்னா 'இல்லை'ன்னுதான் எழுதணும். நான் என்ன செய்ய?"

சொல்லி வாய் மூடவில்லை. அக்கரையில் பாட்டு எழுந்தது. முதலில் புல்லாங்குழல்போல ஓர் இழுப்பு. பிறகு தாழ்ந்து, குழைந்து, சடசடவென்று கொட்டியது.

எல்ஃபிரா பதிவுக் கருவியை நீட்டினாள். "அதேதான்! அதேதான் அண்ணே! வாங்க, கிட்டப் போய்ப் பாத்துடலாம்!"

ஜம்ஹூரி குறுக்கே கை நீட்டி மறித்தார். "வேணாம் மேடம். மிரண்டா அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டாது. குரல் போதாதா?"

"தாராளமாப் போதும்!"

பாறையில் உட்கார்ந்து 'இருக்கிறது' என்று எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்குத் தாளை அவரிடம் நீட்டினாள். போட்டுக் கொடுத்தார். நிமிர்ந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது.

"அட, என்ன அண்ணே! சந்தோஷத்துல அழறீங்களா?"

"ஆமா மேடம்" என்றார்.

அக்கரையில் பாடியது துடுப்புவால் கரிச்சான் என்பதை அவர் இலைச்சந்தில் அப்போதே பார்த்துவிட்டார். கேட்ட குரலையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அப்படியே திருப்பிப் பாடும் பறவை அது. இன்று அது பாடியது, எட்டு வருடங்களுக்கு முன் இதே கரையில் ஜம்ஹூரி கண்ணி வைத்துப் பிடித்து விற்ற கடைசிச் சோலைபாடியின் பாட்டை.