நாயை ஒளித்த பிள்ளைகள்

டிவியில் நான்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு புல்வெளியில் ஓடினார்கள்.

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாக்ஸ், பின்னால் செம்மறி மேயும் குன்று. புஜைரா லேபர் கேம்ப்பில் எங்கள் அறையில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் என்பதால் எனக்கு மட்டும் தெரியும் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த இங்கிலீஷ் படம் ஓடினாலும் அத்தனை பேருக்கும் நான்தான் தமிழில் பேச வேண்டும். பாதி புரியும். மீதியை அடித்துவிடுவேன்.

ஆட்டைக் கடித்துவிட்டதென்று அந்த நாயைச் சுடுவதற்குப் பண்ணைக்காரர் துப்பாக்கியோடு வந்தார். அவருக்கு எங்கள் ஃபோர்மேனின் அரைகுறை இந்தியைக் கொடுத்தேன். சோலைமுத்து சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த குழம்பைச் சிந்திவிட்டான்.

மேல் கட்டிலில், போர்வைத் திரைக்குப் பின்னால் கார்மேகம் அண்ணனும் சிரித்தார். சத்தம் வராமல் சிரிக்கப் பழகியிருந்தார்.

அவர் எங்கள் கம்பெனி ஆள் இல்லை. எனக்குப் பக்கத்து ஊர். விசா கொடுத்து, நான்கு வருடமாக லீவு தராத அரபி முதலாளியிடமிருந்து, அவருடைய கஃபீலிடமிருந்து, ஓடிவந்து, இருபத்தாறு நாளாக எங்கள் அறையில் ஒளிந்திருந்தார். ஓடிப்போனவர் என்று கேஸ் வேறு பதிவாகியிருந்தது. விடிந்தால் துபாய் தேராவில் கடை வைத்திருக்கும் கீழக்கரை பாய் ஒருவர் கார் அனுப்பி, அவரை கான்சலேட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அங்கே போய்ச் சேர்ந்தால் ஊருக்கு வழி பிறக்கும். அதற்குள் மாட்டினால் ஜெயில்.

அவர் மகளுக்கு மூன்றரை வயது. இன்னும் அவளை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

படத்தில் பிள்ளைகள் நாயை மாவு அரைக்கிற பழைய காற்றாலைக்குள் ஒளித்துவைத்து, தங்கள் ரொட்டியை அதற்குப் பிய்த்துப் போட்டார்கள். நாங்களும் ஆளுக்கு ஒரு கரண்டி சோறு ஒதுக்கிக்கொண்டுதான் இருந்தோம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்போது கடைக்குட்டிப் பையன் பண்ணைக்காரரிடம் போய் என்னவோ சொன்னான்.

அந்த ஒரு வரி எனக்கு முழுசாகப் புரிந்தது. பால் கேட்கிறான் என்று சொல்லிவைத்தேன்.

பண்ணைக்காரர் நேராகக் காற்றாலைக்கு நடந்தார். அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் அவசரமாக எதையெதையோ பேசிப் பார்த்தேன். படம் என் பேச்சைக் கேட்கவில்லை.

நல்லவேளை, பிள்ளைகளுக்காக எடுத்த படம். ஆட்டைக் கடித்தது வேறு நாய் என்று தெரிந்து, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சோலைமுத்து கைதட்டினான். கார்மேகம் அண்ணன் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தச் சின்னப்பய ஏந்தம்பி காட்டிக் குடுத்தான்?"

"அவனுக்கு வீட்டுக்குப் போகணும்போல இருந்திருக்கும்ணே."

அவர் தலையாட்டினார். சின்னப் பிள்ளைதானே, என்ன செய்வான் பாவம் என்றார்.

யாரும் கதவைத் தட்டவில்லை. அது திறந்தது. கேம்ப் பாஸ், அவருக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். வந்தவர்கள் எதையும் விசாரிக்கவில்லை. முதலில் மேல் கட்டிலைப் பார்த்தார்கள், பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை.

செருப்பு போட்டுக்கொள்ள மட்டும் விட்டார்கள். பாய், பாய் என்று சோலைமுத்து இந்தியில் கெஞ்சினான். கலாஸ், முடிந்தது என்று கையை விரித்த கேம்ப் பாஸ், கிளம்புமுன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் என்னிடம் நீட்டினார்.

மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த லீவு. நேற்றுத் தேதியில் கையெழுத்தாகியிருந்தது.

தனியாகக் கூப்பிட்டுத் தருவதாகத்தான் சொல்லியிருந்தார்.

அறை மொத்தமும் என்னைப் பார்த்தது. கார்மேகம் அண்ணன் மட்டும் அந்தத் தாளைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஊருக்கா போற? எம்மகள ஒரு எட்டு பாத்துட்டு வா தம்பி."