மந்திரி என்ன சொன்னவர்?

"இதப் பாருங்க சேர்! எங்கட எம்.பி. மேசையில அடிச்ச அடிய ஒருக்காப் பாருங்க!"

நூஹு தன் கைப்பேசியைக் கிராம சேவகர் தவச்செல்வனின் முகத்துக்கு நேரே நீட்டினார். புத்தளத்தில், கரைத்தீவுக்குப் பக்கத்தில், உப்புநீர்க் களப்பின் ஓரமாக இருக்கும் அந்தக் குடியிருப்பில் காலையிலிருந்து எல்லோருடைய கைப்பேசியிலும் அதே வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது.

"கௌரவ அமைச்சர் அவர்களே!" என்று பாராளுமன்றத்தில் முழங்கினார் ஃபஸ்லான் எம்.பி. "தொண்ணூறாம் ஆண்டு உடுத்த உடுப்போடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த என் மக்கள், இன்னமும் உப்புக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பக்கத்து ஊர் வரைக்கும் வந்த குடிநீர்க் குழாய் அவர்களுடைய ஊருக்கு மட்டும் ஏன் வரவில்லை? பதில் சொல்லுங்கள்!"

மேசையில் ஓர் அடி. பின்னால் ஒரு முழக்க இசை. எம்.பி.யின் சிரித்த படம். வீடியோ முடிந்தது.

"அது நல்லம், நூஹு நானா. நான் வந்த விசயத்தக் கதைப்பம்" என்று தவச்செல்வன் பையிலிருந்து படிவங்களை எடுத்தார். "வாக்கப் புத்தளத்துக்கு மாத்த இண்டைக்குத்தான் கடைசி நாள். நீங்க இருக்கிறது இஞ்ச, வாக்கு இருக்கிறது மன்னாரில. பதிவில ஆள் இல்லாத ஊருக்குக் குழாய் தா எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது?"

"மாத்தினா எங்கட எம்.பி.ட கதி என்ன? எங்கட வாக்கிலதானே அவர் அங்க வெல்றார்?"

அது உண்மைதான். தேர்தலுக்குத் தேர்தல் எம்.பி. பஸ் அனுப்புவார். ஊரே அதில் ஏறி மன்னாருக்குப் போய் வாக்குப் போட்டு, வழியில் அவர் தரும் புரியாணியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும். மற்ற நாட்களில் எம்.பி.யை வீடியோவில்தான் பார்க்கலாம்.

நூஹுவின் மனைவி ஸுல்பிகா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்க, மாத்துவம். போன மாசம்தானே உங்களுக்குக் கிட்னில கல்லு எடுத்த? இந்தத் தண்ணிய இனி வாயில வைக்காதீங்க எண்டு டொக்டர் சொன்னவரா இல்லையா? நல்ல தண்ணி கொண்டு வாற பௌசர் லொறி வந்தா வருது, வராட்டி இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"எங்களுக்காக மந்திரியையே நிக்க வச்சுக் கேள்வி கேக்கிற மனிசனுக்குத் துரோகம் செய்யச் சொல்றியா?"

"அவர் கேட்டது சரி. மந்திரி என்ன சொன்னவர்?"

"என்னத்தச் சொல்ற? வாயடைச்சுப் போயிருப்பான்."

"வீடியோல அது இல்லையே."

"உனக்கு எதுக்கு இந்த அரசியல்? போ, சேருக்குத் தேத்தண்ணி போடு!"

தவச்செல்வனுக்குத் தேநீர் குடிக்க மனம் வரவில்லை. நூஹு பள்ளிவாசல் தலைவர். அவர் மாட்டேன் என்றால் ஊரும் மாட்டேன் என்றுதான் சொல்லும். ஆனாலும் மனம் கேட்காமல் வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்தார். எல்லா வீட்டிலும் அவருக்கு அந்த வீடியோவைத்தான் காட்டினார்கள். கடைசியில், ஒரு கையெழுத்துக்கூட விழாத படிவங்களைப் பையில் திணித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, புத்தளம் டவுனில் மருந்துக் கடையில் வேலை செய்யும் மகள் ஃபர்ஸானா வீடு வந்து சேர்ந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஸுல்பிகா பிடித்துக்கொண்டார்.

"மகள், அந்த மந்திரி என்ன சொன்னவர் எண்டு உன்ட ஃபோனில தேடிப் பாரு."

"தேடு, தேடு. உம்மாக்குக் காட்டு" என்று நூஹுவும் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மந்திரி முழிக்கிற முழிய நானும் பாக்கணும்."

அந்தச் சபை அமர்வின் முழு வீடியோவும் கிடைத்தது. எம்.பி. முழங்கினார். மேசையில் அடித்தார். இம்முறை இசை வரவில்லை. அமைச்சர் எழுந்து சிங்களத்தில் பேசத் தொடங்கினார்.

"என்னவாம்?" என்றார் நூஹு. அவருக்குச் சிங்களம் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் தெரியும்.

"எங்கட ஊருக்கும் குழாய்த் திட்டம் இருக்காம், வாப்பா."

"பாத்தியா ஸுல்பிகா! கேட்ட உடனே தந்திட்டாங்க!"

"இல்ல வாப்பா… அது போன வருசமே வந்த திட்டமாம்." ஃபர்ஸானாவின் குரல் தணிந்தது.

"பிறகேன் போடல்ல?"

ஃபர்ஸானா தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "'அந்த ஊரில இப்ப ஒருத்தரும் இல்ல, எல்லாரும் மன்னாருக்கே திரும்பிப் போயிட்டாங்க, குழாய வேற ஊருக்குக் குடுங்க எண்டு என்ட அமைச்சுக் கந்தோருக்கு வந்து சொன்னது நீங்கதானே' எண்டு எம்.பி.யப் பாத்துக் கேக்கிறார்."

ஸுல்பிகா கைப்பேசிக்கு இன்னும் கிட்ட வந்து குனிந்தார்.

"பொய்! பச்சைப் பொய்!" நூஹு கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "நிப்பாட்டாத மகள், விடு! எங்கட எம்.பி. இப்ப எழும்பி இவனக் கிழிக்கிற கிழியப் பாரு!"

மேலதிகக் கேள்விகள் ஏதும் உண்டா என்று சபாநாயகர் கேட்டார்.

எம்.பி. எழுந்தார். மகள் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல், நூஹுவுக்கு நன்றாக விளங்கும் தமிழிலேயே, "இல்லை, கௌரவ சபாநாயகர் அவர்களே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.