ஒன்பதாம் எண் வீட்டு விலை

“அப்படின்னா நான் வேற கம்பெனிக்குப் போயிடறேன், கண்ணு,” என்றாள் பெரில் வீட்டு போனில், முடிந்தவரை அலட்சியமாக.

பதினான்கு வருடமாக, இணைய இணைப்பின் ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் இந்த வசனத்தைச் சொன்னது அவள் கணவன் கிளைவ்தான். போகிறேன் என்று சொன்னால்தான் போகிறவர்களைப் பிடித்து நிறுத்தும் பிரிவுக்கு இணைப்பார்கள். விலையைக் குறைக்கும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. பழைய வாடிக்கையாளர் என்று பெருமையடித்தால், நன்றி சொல்லிவிட்டு விலையை ஏற்றுவார்கள்.

“நமக்கு அது வேணும்னு மட்டும் காட்டிக்காதே பெரில். மோப்பம் பிடிச்சுட்டாங்கன்னா அவ்வளவுதான்,” என்பான், கண்ணைச் சிமிட்டி.

இப்போது கிளைவ் ஹல் நகரத்து முதியோர் இல்லத்தில் கிடந்தான். பக்கவாதம். இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்க்க அவள் முழங்கால்கள் சனிக்கிழமைகளில் மட்டுமே சம்மதித்தன. மற்ற நாட்களில், மாலை ஆறு மணிக்கு ஒரு நர்ஸ் வீடியோ அழைப்புக்காக அவன் முன்னால் டேப்லெட்டை நிறுத்துவாள். கோணிய வாயோடு அவன் தினமும் ஒன்றையேதான் கேட்பான்.

“என்னடி, இன்னும் அதே கார்டிகன் ஸ்வெட்டரா?”

அதைக் கேட்டால்தான் அவளுக்கு அந்த நாள் முடியும்.

அடுத்த மாதத்திலிருந்து நாற்பத்தாறு பவுண்டு என்றார்கள். அவளுடைய ஓய்வூதியத்தில் அதற்கு இடமில்லை. மொபைல் சிக்னலோ அவள் வசிக்கும் அந்தக் கடலோரத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எதிர்முனைப் பெண் தன் பெயர் கீரா என்றாள். பெரில் என்றே கூப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டாள். இனிமையாகப் பேசினாள். ஒரு பென்னிகூட இறங்கவில்லை.

பெரில் கிளைவின் கடைசித் துருப்பை எடுத்தாள்.

“பக்கத்து வீட்ல, ஒன்பதாம் நம்பர்ல, மாவிஸுக்கு மட்டும் இருபத்திரண்டு பவுண்டுக்குக் குடுத்திருக்கீங்களே. அவ புது ஆளு. பதினாலு வருஷமா இருக்கிற நான் இளிச்சவாயா?”

சுத்தப் பொய். மாவிஸ் வீட்டில் இணைய இணைப்பு இருந்ததே இல்லை. பெரில் வீட்டில் மினுக்மினுக்கென்று எரியும் பெட்டியைப் பார்த்து, “இது ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கே, எப்படித்தான் நீ தூங்கறியோ,” என்று கேலி செய்தவள் அவள்.

இதையெல்லாம் யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்பது கிளைவின் கணக்கு.

கீரா சரிபார்த்தாள். விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது.

“ஆமா பெரில், சரியாத்தான் சொல்றீங்க. ஒன்பதாம் நம்பர், மாவிஸ். இருபத்திரண்டு பவுண்டுதான். இந்த ஜூலையில எடுத்திருக்காங்க.”

பெரில் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

“வேற யாராவது மாவிஸா இருக்கும்.”

“இல்லையே. சேப்பல் லேன், ஒன்பது. உங்க வீட்டுக்கு அடுத்தது. லைன் இப்பக்கூட ஓடிட்டிருக்கு.” கீராவின் குரலில் உற்சாகம் ஏறியது. “அட, இன்னொரு நல்ல சேதி. தெரிஞ்சவங்களைச் சிபாரிசு பண்ணினா ரெண்டு பேருக்கும் ஒரே சலுகை உண்டு. மாவிஸ் உங்க பேரைத்தான் குடுத்திருக்காங்க. என்ன சொல்லியிருக்காங்க பாருங்க: ‘பெரிலுக்குச் சாயங்காலமானா புருஷன் மூஞ்சியப் பார்த்தாகணும். எனக்குப் போட்ட விலையையே அவளுக்கும் போடுங்க. எனக்கு அடுத்தது அவதானே.’ எவ்வளவு நல்ல மனசு!”

கிளைவைப் பற்றி பெரில் அந்தப் பெண்ணிடம் மூச்சு விட்டிருக்கவில்லை.

“இந்த விலை எத்தனை நாளைக்கு?” என்று கேட்டாள் பெரில்.

“வழக்கமா ரெண்டு வருஷம்தான். இதுல என்னன்னா… முடிவு தேதியே காணோம். அதிர்ஷ்டக்காரி நீங்க.”

பெரில் போனோடு எழுந்து சமையலறைச் சன்னலருகே போனாள்.

வெளியே, நகராட்சி போட்ட ஆரஞ்சு நிற வேலி. வேலிக்கு அப்பால் கொஞ்சம் புல். புல்லுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. பள்ளத்தில் பழுப்பு நிறக் கடல் மட்டும்.

இந்த வருட மார்ச் மாதப் புயலில் களிமண் கரை சரிந்தபோது, ஒன்பதாம் எண் வீடு அப்படியே கடலுக்குள் போயிற்று. காலி செய்யச் சொல்லி எத்தனை முறை வந்து கெஞ்சியும் கேட்காத மாவிஸ், அப்போது உள்ளேதான் இருந்தாள். அவளை இன்னும் கண்டெடுக்கவில்லை.

“பெரில்? லைன்ல இருக்கீங்களா? போட்டுடவா?”

மணி ஆறாகப் போகிறது. ஹல்லில், தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்து, நர்ஸ் கிளைவின் காலரைச் சரிசெய்துகொண்டிருப்பாள்.

“போடு கண்ணு,” என்றாள் பெரில்.