காவல் பெட்டியின் தூக்கம்

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பந்தயக் கார் அது. அதன் பின்சக்கரத்துக்கு வளைவில் சறுக்கி ஆடக் கொள்ளை ஆசை. ஆனால் லேசாகச் சறுக்கினாலே, கார் சறுக்கி விழாமல் காக்க சீட்டுக்கு அடியில் இருந்த காவல் பெட்டி பிரேக்கைப் பிடித்துவிடும்.

"என்னை ஆடவே விடமாட்டியாண்ணே?" என்று சக்கரம் அழாத குறையாகக் கேட்டது.

அன்று ஓட்டுநர் பெட்டியை ஓய்வெடுக்கச் சொல்லும் பொத்தானை ஒருமுறை அழுத்தினார்.

"எனக்குத் தூக்கம் வருது. நீ ஆடு" என்றது பெட்டி.

பின்சக்கரம் புகை பறக்க ஆடியது. ஒரு வளைவில் சுவரில் முட்டுகிற மாதிரி வந்து, எப்படியோ விலகிப் போனது. ஆடி முடித்த கார் தானாக உருண்டு நின்றது.

"பாத்தியா, நீ இல்லாமலே ஆடிட்டேன்!"

"அப்படியா? நான் நல்லாத் தூங்கிட்டேன்பா."

ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கவே இல்லை. ஆனாலும் தன் பிரேக் தட்டு சுடுவதைப் பின்சக்கரம் உணர்ந்தது.

"நாளைக்கும் இப்படியே தூங்குண்ணே" என்றது.