இரண்டாம் மாடிக்கு மேலே

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டும் நெகேமியா ஜெபம் பண்ணி நாலு வருஷமாகிறது. அங்கேயே ஐந்தாம் மாடியில் அவருடைய மகள் பெனினா கண்ணை மூடிய அன்று, பத்து நாள் முழங்காலில் நின்றதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டவர். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவார், எல்லாரும் தலை குனியும்போது இவர் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய், லிஃப்ட் இரண்டாம் மாடிக்கு மேலே நின்றுவிட்டது. உள்ளே அவரும் ஒரு பெண்ணும்தான். அவள் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோறதுக்குள்ள எம் மவளப் பாக்கணும்ணே."

"இப்ப ஜெனரேட்டர் போட்டுருவாங்கம்மா."

பத்து நிமிஷமாகியும் போடவில்லை. திருநீறு கலைந்த நெற்றியோடு அவள் திரும்பி, அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தாள்.

"நீங்க வேதக்காரரா? உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

"நான் சொன்னா அவர் கேக்கமாட்டாரும்மா."

"கேக்குறதும் கேக்காததும் அவர் பாடு. நீங்க சொல்லுங்க."

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவளோ கைகூப்பி, கண்களை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். நெகேமியா ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்து நின்றார்.

"பிள்ள பேரு என்னம்மா?"

"முத்துவடிவு."

"ஆண்டவரே, முத்துவடிவு..." என்றவருக்கு, பெனினாவை அடக்கம் பண்ணிய அன்றுகூட வராத கண்ணீர் வந்தது. லிஃப்ட் இன்னும் அசையவில்லை. அவர் அழுதுகொண்டே, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.