சாயத்துக்கு ஒரு பொய்

கண்ணாயி வருஷத்துக்கு ஒரே ஒரு பொய்தான் சொல்வாள். அதுவும் மார்கழியில்.

கொல்லிமலைக் குளிரில் அவுரிச் சாயத் தாழி தூங்கிவிடும். தகரை விதையை வேகவைத்துக் கொட்டினாலும், தாழியைச் சாணத்துக்குள் புதைத்தாலும் புளிக்காது. நூல் சிட்டத்தை முக்கினால் வெள்ளையாகவே வெளியே வரும். அப்போது ஊருக்குள் ஒரு பொய்யை அவிழ்த்துவிட வேண்டும். அது வீடு வீடாக ஓடுகிற சூட்டில் தாழி விழித்துக்கொள்ளும், நூல் நீலமாகும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

ஊருக்கெல்லாம் சாயம் போடுகிறவள் கண்ணாயி. அதனால் பொய்யும் அவள் பொறுப்பு.

போன வருஷம், "குண்டனி நாட்டுல பலாமரத்துல பூசணி காய்ச்சிருக்குதாம்" என்றாள். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அதை நம்பி, இரண்டு மலை ஏறி இறங்கி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து கண்ணாயி வாயைத் திறந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பொய்யில பொழைக்கறவ! அவ சொன்னா, தண்ணி நனைக்கும்னாக்கூட நான் நம்ப மாட்டேன்" என்பாள் பாப்பாத்தி.

இந்த மார்கழியில் தாழி வைத்து ஒன்பது நாளாகியும் சாயம் ஏறவில்லை. இன்றைக்கா நாளைக்கா, என்ன பொய் வரப்போகிறது என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

வந்தது போலீஸ் ஏட்டு.

வெள்ளைக்காரனை வெளியே போகச் சொல்லி நாடே கொதித்த வருஷம் அது. ஏட்டு தேடி வந்தது சாமியப்பனை. அடிவாரத்துக் குடியானவன். மலைக்குப் பஞ்சு சுமந்து வந்து, பெண்களுக்கு நூற்கப் பழக்கிவிட்டவன். கீழே தந்திக் கம்பியை அறுத்துவிட்டானாம். பிடிபட்டால் கசையடி, அப்புறம் ஜெயில். ஒளித்து வைத்தவர்களுக்கும் ஜெயில்தான்.

களத்தில் வெயில் காய்ந்தபடி தக்களி சுற்றி நூற்றுக்கொண்டிருந்த பெண்களை ஏட்டு நிறுத்திக் கேட்டார். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"மலைக்காரங்க சத்தியம் தவற மாட்டீங்களாமே? பார்த்துடலாம்" என்று பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து ஒரு கல்லின் மேல் கொளுத்தினார். "எட்டுக்கை அம்மன் மேல ஆணையா ஒவ்வொருத்தியா சொல்லுங்க."

ஒவ்வொருத்தியாக வந்து கற்பூரத்தை அடித்து, "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். பாப்பாத்தியும் சொன்னாள். நிஜமாகவே அவர்களுக்குத் தெரியாது.

கண்ணாயியின் முறை வந்தது. அவள் கற்பூரத்துக்கு மேலே கையை நீட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

"சொல்லும்மா. சாமியப்பன் எங்கே?"

கண்ணாயி கண்ணை மூடிக்கொண்டு கற்பூரத்தை அடித்தாள். "என் ஊட்டுல இருக்காருங்க."

ஏட்டு பிரம்பை இறுக்கிப் பிடித்தார். "வீட்டுல எங்கே?"

"பரண் மேலங்க. நல்ல காய்ச்சல். எம் புருசந்தான் முதுகுல சுமந்துட்டு வந்தாரு. சாமைக் கஞ்சி குடிச்சுட்டுத் தூங்கறாருங்க. ஏணி ஆடுங்க. பாத்து ஏறுங்க."

அவ்வளவுதான். களமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவள் பாப்பாத்தி ஒருத்திதான்.

"நம்பாதீங்க சாமி! இது சாயப் பொய்யிங்க!" என்று முன்னால் பாய்ந்தாள். தாழி தூங்கும் கதை, பொய்யின் சூடு, பலாமரத்துப் பூசணி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

"கற்பூரம் அடிச்சில்ல சொல்றா?" என்றார் ஏட்டு.

"அவளுக்குத் தாழிதானுங்க மொதல்ல. சாமி சத்தியமெல்லாம் அப்புறம். பொய் பெருசா இருந்தாத்தானே நீலம் நல்லாப் புடிக்கும்? போலீசு ஏட்டு ஆடற ஏணியில ஏறினாருன்னு நாளைக்குப் பெரக்கரை நாடு வரைக்கும் சிரிக்கோணும். அதுக்குத்தான் ஏணியச் சேத்துச் சொல்றா. என்னை அலைய உட்டது பத்தாதுன்னு இப்ப உங்களைப் புடிச்சுக்கிட்டா!"

ஏட்டு நின்று யோசித்தார். முந்தாநாள்தான் தேவனூர் நாட்டில் எவனோ கைகாட்டிய வைக்கோல் போரைப் பிரித்து, உள்ளேயிருந்து ஓர் ஆட்டைக் கண்டுபிடித்திருந்தார். அந்த ஊர் சிரித்த சிரிப்பே இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. எதிரே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பெண்களைப் பார்த்தார். முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

"போலீசுகிட்டயே விளையாட்டா? தொலைச்சுடுவேன்!" என்று கற்பூரத்தைக் காலால் தேய்த்துவிட்டு, வந்த வழியே மலை இறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் பாப்பாத்தி நேராகக் கண்ணாயி வீட்டுக்கு வந்தாள். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், இவ்வளவு பெரிய பொய்க்கு எப்படிப்பட்ட நீலம் வந்திருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

தாழியின் மூடியைத் தள்ளி, ஒரு சிட்டத்தை முக்கி எடுத்துக் காற்றில் பிடித்தாள். வெள்ளை. உதறிவிட்டு மறுபடியும் முக்கினாள். சுத்த வெள்ளை!

"ஏனக்கா, போலீசையே மலை எறக்கின பொய்யி! இதுக்குக்கூட சாயம் ஏறலையே?" என்றாள் உரக்க.

கண்ணாயி அந்தக் குளிரிலும் வியர்த்திருந்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மெல்லப் பேசு கண்ணு. இந்த வருசத்துப் பொய்ய நான் இன்னும் சொல்லவே இல்லியே!"