தேதி கேட்ட ரபேல்

"ஒரு தேதி மட்டும் சொல்லுங்க சார். அது போதும்."

மாநகர் மன்றத்தின் சாலை, கழிவுநீர்ப் பிரிவில் ரபேல் இப்படிக் கேட்பது பதினாறாவது தடவை. ஒரு கையில் பையில் கட்டிய தே தாரிக் டீ, இன்னொரு கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் நான்கு மசால்வடை.

"என்ன அங்கிள், திங்கட்கிழமை ஆனா டாண்ணு வந்துடுறீங்க. எங்க ஸ்டாப்பே இவ்வளவு ஒழுங்கா வர்றதில்ல லா" என்றார் அதிகாரி முகுந்தன். ஒரு வடை ஏற்கெனவே அவர் வாயில் இருந்தது.

"என்ன பண்றது சார்? ஜாலான் செம்பாக்கா ரோட்டுக் குழி எப்ப மூடும்னு நீங்கதானே சொல்லணும்."

அந்தக் குழிக்கு ஒன்றரை வயது. புதுக் கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். 'நான்கு மாதத்தில் பணி நிறைவுறும்' என்று பக்கத்தில் ஒரு பலகை. அது துருப்பிடித்துப்போனதும் மன்றம் சும்மா இருக்கவில்லை. அதே வாசகத்தோடு புதுப் பலகை நட்டது.

குழாய் பதிப்பது ஒரு பிரிவு. மண் மூடுவது இன்னொரு பிரிவு. தார் போடுவது மூன்றாவது பிரிவு. மூன்றும் ஒரே மாடியில்தான் இருந்தன. ஆனாலும் கடிதங்கள் தபாலில்தான் போய் வந்தன. முகுந்தனோ அந்தக் குழியைக் கோப்பில் ஒட்டிய படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"என்ன அங்கிள் அவ்வளவு அவசரம்?"

"கடைச் சொந்தக்காரத் தவுக்கே வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடச் சொல்றான் சார். மூணு வருசக் குத்தகை. இல்லன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவானாம்." ரபேல் டீப் பையை மேசையில் வைத்தார். "பிரிக்பீல்ட்ஸ்ல இருபத்திரண்டு வருசம் அடுத்தவன் கடையில ரொட்டி போட்டேன். இப்பத்தான் சொந்தமா ஒரு கடை. போடலாங்கிறேன் நான், பயமாயிருக்குங்கிறா என் பொண்டாட்டி லூசி. குழி விவகாரம் தெரியாம எப்படி சார் முடிவு பண்றது? ஏமாந்தா நடுத்தெருவுலதான் நிக்கணும்."

முகுந்தனுக்குக் கண் முன்னால் படம் ஓடியது. வாசலில் குழி, சாக்கடை நாற்றம், புழுதி, ஈ ஓட்டிக்கொண்டு இந்த மனிதர். அடுத்த வடைக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"தைரியமா கையெழுத்துப் போடுங்க அங்கிள். மூணு வாரத்துல முடிச்சிடுவோம்."

"மூணு வாரமா? நிச்சயமா?"

"நிச்சயமா."

"மன்றத்தோட வார்த்தைன்னு எடுத்துக்கலாமா சார்?"

"தாராளமா. மன்றத்தோட வார்த்தை."

ரபேலின் முகம் அப்படியே மலர்ந்தது. முகுந்தனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆண்டவர் உங்கள நல்லா வைக்கணும் சார். இது போதும் எனக்கு!" என்று சொல்லிவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினார்.

முகுந்தனுக்கு என்னவோ போலாகிவிட்டது. 'மூணு வாரம்' என்பது அந்த அலுவலகத்தில் 'காலை வணக்கம்' மாதிரி. எல்லாரும் எல்லாரிடமும் சொல்வார்கள், யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அதைப் போய் ஒரு மனிதர் இப்படி நம்புகிறாரே! பதினோரு வருட உத்தியோகத்தில் முதல்முறையாக அவருக்கு வெட்கமாக இருந்தது.

கோப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். தாமே நடந்துபோய் அடுத்த பிரிவில் கொடுத்தார்.

"கையில கொண்டு வந்தியா?" என்று அங்கிருந்த லோகேஸ்வரி பதறிப்போனாள். "உடம்புக்கு ஏதும் பண்ணுதா? இல்ல, டிரான்ஸ்பர் வருதா?"

"கையெழுத்துப் போடு லோகா. ஒரு ஏழைக் குடும்பம் பொழைக்கட்டும்."

மேசை மேசையாக நின்றார். கெஞ்சினார், சண்டை போட்டார். சாலை வேலை எடுத்த குத்தகையாளருக்குப் போன் போட்டு, வாழ்க்கையில் ஒருநாளும் கத்தாத கத்தல் கத்தினார். லோரி வந்தது, மண் விழுந்தது, ரோலர் ஓடியது. இருபதாவது நாள் பளபளவென்று தார்ச்சாலைப் படம் முகுந்தனின் போனுக்கு வந்து சேர்ந்தது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை, நன்றி சொல்ல ரபேல் வருவார் என்று காத்திருந்தார். வந்தார். வெறுங்கையோடு, சிவந்த கண்களோடு.

"என்ன அங்கிள், ரோட்டைப் பாத்தீங்களா? சொன்ன மாதிரியே முடிச்சேனா இல்லையா?"

ரபேல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"கெடுதலா? இனிமே உங்க கடை வாசல்ல குழியே கிடையாதே!"

"என் கடை எங்க சார் அந்த ரோட்டுல இருக்கு? அது பின்னால சந்துல இருக்கு. ரோட்டைத் தோண்டி, காரு லோரி எல்லாத்தையும் சந்துப்பக்கம் திருப்பி விட்டீங்கள்ல? அதுக்கப்புறம்தானே அங்க ஒரு கடை இருக்கிறதே ஜனங்களுக்குத் தெரிஞ்சுச்சு! இன்னிக்குக் காலையிலேர்ந்து ஒரு ஆள் வரல சார்."

முகுந்தன் ஆடிப்போனார். "அப்புறம் எதுக்கு அங்கிள் கையெழுத்துப் போட்டீங்க? மூணு வாரத்துல மூடிடுவோம்னு அவ்வளவு தெளிவாச் சொன்னேனே!"

"சொன்னீங்க சார்" என்று தலையில் அடித்துக்கொண்டார் ரபேல். "மன்றமே மூணு வாரம்னு சொல்லிடுச்சேன்னு நம்பித்தானே மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்!"